தேடுபொறியும் பொய்ச்சான்றும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது மூத்தோர் வழக்கு. மணமே வாடிக்கையாளரை அழைத்துவரும் என்பது அதன் கருத்து. ஆனால் இணையம் என்னும் பெருஞ்சந்தையில் மணம் வீசுவதில்லை. பெயர்ப்பலகைகளைப் பார்த்தபடி நடந்து செல்லத் தெருவும் அங்கே இல்லை. தேடி வருபவர் ஒரு சொல்லைத் தட்டெழுதிக் கேட்கிறார். தேடுபொறி ஒரு பட்டியலை அவர் முன் வைக்கிறது. அப்பட்டியலின் முதற் சில வரிகளோடு பெரும்பாலோர் நின்றுவிடுவர்; இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவோர் சிலரே. ஆகவே, ஓர் இணையத்தளத்துக்கு வாசகர் பெருகுவதும் பெருகாது போவதும் பெரும்பாலும் அப்பட்டியலில் அது பெறும் இடத்தைப் பொறுத்ததாகிவிட்டது. அவ்விடத்தை உயர்த்திக்கொள்ளச் செய்யப்படும் முயற்சிகளைத் தேடுபொறி உகப்பாக்கம் என வழங்குவர். இவற்றுள் நேர்மையானது எது, வஞ்சனை எது என்பது ஆராயத்தக்கது.

முன்வரிசையில் நிற்கும் ஆசை புதியதன்று. தொலைபேசி விவரக்கொத்து வழக்கிலிருந்த நாளில், அகரவரிசையின் தலையில் இடம்பெறும் பொருட்டு, ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை மும்முறை அடுக்கித் தம் கடைகளுக்குப் பெயரிட்ட வணிகர் அமெரிக்காவிற் பலர் இருந்தனர். அது சிறுபிள்ளைத்தனமான தந்திரமே. அகரவரிசை ஒருவருடைய தரத்துக்குச் சான்று பகர்வதில்லையாதலால், எவரும் அதனால் ஏமாந்தாரில்லை. தேடுபொறியின் பட்டியலோ அத்தகையதன்று. அதில் முதலில் நிற்பது தகுதியினால் நிற்கிறது என்று மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதை அறிந்தாற்றான் அதைக் கெடுப்பதன் தீமையும் விளங்கும்.

1995இல் தோன்றிய அல்ராவிஸ்ரா போன்ற முந்தைய தேடுபொறிகள், பக்கத்திலுள்ள சொற்களையே பெரிதும் நம்பின. கேட்ட சொல் ஒரு பக்கத்திற் பலமுறை வந்தால் அப்பக்கம் பொருத்தமானது என்பது அவற்றின் கணக்கு. தன்னைப்பற்றித் தானே சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் நீதிபதியை ஏமாற்றுவது கடினமா? வெள்ளைத் தாளில் வெள்ளை மையினால் எழுதுவதுபோல, கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் ஒரே சொல்லை நூறுமுறை எழுதிவைத்தனர் சிலர். மனிதர் காணமாட்டார், பொறி மட்டும் எண்ணிக்கொள்ளும்.

இந்நிலையை மாற்றியவர்கள் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து மாணவர்களாகிய லரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவர். அவர்களது கருத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற அறிஞர் எத்தனைபேர் எடுத்தாண்டுள்ளனர் என்று தொகுத்துக் காட்டும் மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்பீல்ட் என்பவர் 1964இல் வெளியிட்டிருந்தார். அறிஞர் உலகின் அவ்வழக்கத்தை இவ்விருவரும் இணையத்துக்குக் கொணர்ந்தனர். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுப்பது, ‘இதனைப் படியுங்கள்’ என்று கூறும் சான்று. பலரது சான்றைப் பெற்ற பக்கம் உயர்ந்தது. அத்தகைய உயர்ந்த பக்கம் தரும் சான்றுக்கு நிறை மிகுதி. 1998இல் இவ்விருவரும் தம் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அவ்வாண்டே கூகிள் நிறுவனமும் தோன்றிற்று. ஒருவன் தன்னைப்பற்றிச் சொல்வதைக் காட்டிலும் ஊரார் அவனைப்பற்றிச் சொல்வதே நம்பத்தக்கது என்ற பழைய உலகியல் உண்மைதான் அங்கே கணிதமாயிற்று.

உகப்பாக்கம் என்றாலே சூது என்று ஒதுக்குவோரும் உளர். அது தவறு. பொறிக்குக் கண் இல்லை. எழுத்தையே அது பெரிதும் சார்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழருக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பாமினி என்னும் எழுத்துருவிற் பல்லாண்டுகள் தமிழ்ப் பக்கங்கள் எழுதப்பட்டன. ‘அம்மா’ என்று தட்டெழுதினால் திரையில் அழகிய தமிழாகத் தோன்றும். கணினியின் உள்ளேயோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே பதிந்திருக்கும். ‘அம்மா’ என்று யூனிகோட் முறையில் எழுதித் தேடுபவருக்கு அந்தப் பக்கம் எப்படி அகப்படும்? நல்ல கட்டுரைகள் எத்தனையோ இவ்வாறு ஊமையாய்க் கிடந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது உகப்பாக்கமே. பக்கத்துக்கு உள்ளடக்கத்தைத் தெளிவாகக் கூறும் தலைப்பிடுதல், படத்தின் பொருளை எழுத்தில் விளக்குதல், பக்கம் விரைவில் திறக்குமாறு செய்தல் ஆகியனவும் அத்தகையனவே. படத்துக்கு எழுதும் விளக்கம், திரையை வாசித்துக் காட்டும் கருவியின் துணைகொண்டு படிக்கும் பார்வையற்றோருக்கும் பயன்படுகிறது. பொறிக்கு உதவுவது மனிதருக்கும் உதவுமாயின், அதிற் கூச்சப்பட எதுவுமில்லை.

பொறிக்கு ஒன்றும் மனிதருக்கு வேறொன்றும் காட்டும்போதுதான் நேர்மை பிறழ்கிறது. 2006 பெப்ரவரியில், ஜேர்மனியின் பெயர்பெற்ற மோட்டார் வண்டி நிறுவனமாகிய பி. எம். டபிள்யூ. இதில் அகப்பட்டுக்கொண்டது. பழைய வண்டி என்ற பொருள்தரும் சொல்லை மீண்டும் மீண்டும் அடுக்கிய வாயிற்பக்கங்களைப் பொறிக்குக் காட்டிவிட்டு, மனிதர் வந்தால் வேறு பக்கத்துக்குத் திருப்பியனுப்பியது அதன் ஜேர்மன் தளம். கூகிள் அத்தளத்தைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கிற்று. நிறுவனம் அப்பக்கங்களை அகற்றிய பின், சில நாட்களில் தளம் மீண்டும் சேர்க்கப்பட்டது.

இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஜே. சி. பென்னி என்னும் அமெரிக்கப் பல்பொருள் அங்காடியின் கதை. 2010ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தை உள்ளடக்கிய சில மாதங்கள், ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என எதைத் தேடினாலும் கூகிளின் பட்டியலில் இவ்வங்காடியே முதலில் வந்தது. சாம்சனைட் என்னும் பயணப்பெட்டி நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கைப்பெட்டி தேடியபோதும், அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு முன்னே பென்னியின் தளம் நின்றது. ஐயுற்ற நியூயோர்க் ரைம்ஸ் செய்தித்தாள், துறை வல்லார் ஒருவரைக் கொண்டு ஆராய்ந்தது. ஆடை தொடர்பான சில சொற்களை மட்டும் கொண்டு பார்த்தபோதே, 2,015 பக்கங்கள் பென்னிக்கு இணைப்புக் கொடுத்திருப்பது தெரியவந்தது. அவை எத்தகைய பக்கங்கள்? நோய்கள், நாய்கள், மீன்பிடி, குறட்டை ஆகியவற்றைப் பற்றிய தளங்களில், யாதொரு தொடர்புமின்றி ‘மாலைநேர ஆடைகள்’ என்றொரு சொற்றொடர். அதனைத் தொட்டால் பென்னியின் கடை. குறட்டையைப்பற்றி எழுதுபவர் ஆடைக்குச் சான்று கூறுவானேன்? விலைக்கு வாங்கிய சான்றுகளே அவை என்பது வெள்ளிடைமலை.

2011 பெப்ரவரியில் இச்செய்தி வெளிவந்தது. அதற்குச் சில நாட்களின் முன், விவரமறிந்த கூகிள் நடவடிக்கை எடுத்தது. ஒரு மாலை ஏழு மணிக்குப் பயணப்பெட்டித் தேடலில் முதலாம் இடத்தில் நின்ற பென்னி, இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்கு இறங்கிற்று. இவ்விணைப்புகளைத் தாம் ஏற்படுத்தச் சொல்லவில்லை என்று அங்காடியார் மறுத்து, தமக்கு உகப்பாக்கம் செய்துவந்த நிறுவனத்தை விலக்கினர். வேலையைக் கூலிக்கு ஒப்படைத்துவிட்டு, பலன் வருங்காலத்து வழியைக் கேளாதிருந்து, பழி வருங்காலத்து அறியோம் என்பது பெருநிறுவனங்களின் வழக்கமான விடைதான்.

வணிகர் பணம் கொடுத்து விளம்பரம் செய்வதில்லையா, இதிற் குற்றம் யாது என வினவலாம். விளம்பரம் தன்னை விளம்பரம் என்று சொல்லிக்கொள்கிறது; படிப்பவர் அதற்கேற்ப எச்சரிக்கையோடு படிக்கிறார். வாங்கிய இணைப்போ, பணம் கைமாறியதை மறைத்து, மனமுவந்து அளித்த சான்றைப்போல் வேடமிடுகிறது. அதனால் இடம் இழப்பவர் தந்திரம் அறியாத சிறு கடைக்காரர். தேடியவருக்கும் இழப்பே, ஆடை தேடியவரை விடுவோம், நோய்க்கு மருந்து தேடியவர் விலைபோன சான்றை நம்பினால் என்னாவது?

மூன்றாமவருக்கும் ஒரு கேடு உண்டு. அதனைப் பலர் கருதுவதில்லை. பிறருடைய தளங்களின் கருத்துப் பகுதிகளில் அழையா விருந்தினராய்ப் புகுந்து, தம் கடைக்கு இணைப்புகளைத் தூவிச் செல்வோர் பெருகினர். அதனைத் தடுக்க, 2005 சனவரியில், ‘இது சான்று அன்று’ எனப் பொறிக்கு உணர்த்தும் ஒரு குறியைத் தேடுபொறி நிறுவனங்கள் அறிமுகம் செய்தன. 2007இல் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகள் அனைத்துக்கும் அக்குறியை இட்டது. தன்னலமற்ற தொண்டர்கள் ஆராய்ந்து சேர்த்த நல்ல சான்றுகள் இலட்சக்கணக்கில் இருந்தன. பொய்ச்சான்று கூறுவோரை அடைக்கப் பூட்டிய கதவு, மெய்ச்சான்று கூறியோரையும் அடைத்துவிட்டது.

இனி, நடுவரின் நடுநிலையையும் கேட்டாக வேண்டும். விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று பேஜும் பிரினும் தம் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியிருந்தனர். 2000ஆம் ஆண்டிலேயே அவர்களது நிறுவனம் விளம்பரம் ஏற்கத் தொடங்கிற்று! 2012 சனவரியில், கூகிளின் குரோம் என்னும் மென்பொருளுக்குப் பணம் கொடுத்து எழுதுவித்த பக்கங்கள் வெளிப்பட்டபோது, அந்நிறுவனம் தன் பக்கத்தையே அறுபது நாட்களுக்குக் குறையாமற் பட்டியலிற் கீழிறக்கிற்று. அது பாராட்டத்தக்கது. எனினும், பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தன் சேவையை முன்னிறுத்திப் பிறருடைய சேவைகளைப் பின்தள்ளியமைக்காக, ஐரோப்பிய ஆணையம் 2017இல் கூகிளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

அந்த 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவிற் கூகிள் வேறொரு வழியையும் திறந்தது. கேட்ட வினாவுக்குப் பல தளங்களிலிருந்து திரட்டிய விடையைச் செயற்கை நுண்ணறிவு தானே எழுதிப் பட்டியலின் தலையில் வைக்கிறது. எடுத்தாண்ட தளங்களுக்கு இணைப்புகள் அருகே உள்ளன. விடை கிடைத்தபின் அவற்றைத் திறக்கும் தேவை பலருக்கு இல்லை. முன்னர் பத்து வரிகளுள் முதல்வரியாக முயன்ற வணிகர், இப்போது அவ்விடையினுள்ளே தம் பெயர் இடம்பெற வழி தேடுகின்றனர். அதற்கு ஆலோசனை விற்போரும் கடை திறந்துவிட்டனர்.