கண்ணாடி நூலும் பயிர்க் காவலும்

1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோன தூத்துக்குடி முத்துக்குளிப்பில், கடலடியிலிருப்பவன் கயிற்றை அசைத்தால் தோணியிலிருப்பவன் அறிந்து மேலே இழுப்பான். அதே வேலையை இக்காலத்தில் கண்ணாடி நூல் செய்கிறது.

2006-இல் தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட வடத்தினுள் இருப்பதும் செய்தி கொண்டுசெல்லும் இத்தகைய நூலேயாம்.

நூலின் ஒரு முனையில் லேசர் ஒளியை விட்டுவிட்டுச் செலுத்தினால், வழிநெடுகிலுமிருந்து சிறிது ஒளி திரும்பி வரும். நூல் புதைந்த மண் அதிர்ந்தால், அவ்விடத்து ஒளி மாறுபடும். கண்ணாடியில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், திரும்பிவந்த நேரத்தைக்கொண்டு அதிர்ந்த இடத்தைக் கணக்கிடலாம். ரயில் பாதையில் யானை நெருங்குவதை அறிய ரயில்வேயார் 2023-இல் அறிவித்த 'கஜராஜ்' ஏற்பாடு இதுவே.

நம் ஜில்லாவில் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கங்களில் காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழிக்கிறது. இதற்காகச் சிலர் மின்கம்பியிலிருந்து நேரே வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுகின்றனர். இது சட்டவிரோதம், இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் மனிதரையே கொல்லக்கூடியது. கண்ணாடி நூலிலோ மின்சாரம் ஓடுவதில்லை.

ஆனால் நூல் அறிவிக்குமேயன்றி விரட்டாது, காவலாள் அவசியம். மழை, வண்டி இவற்றின் அதிர்ச்சியையும் பிரித்தறியவேண்டும். முனையில் வைக்கும் கருவி விலை மிகுந்ததாகையால், தனிக் குடியானவருக்குக் கட்டுப்படியாகாது. பல கிராமத்தார் கூடி யோசிக்கத்தக்கது.

அதுவரை, கிராம அதிகாரிகள் மின்வேலிகளை அகற்றச் செய்வதும், குடியானவர்கள் பயிர்ச்சேதத்தை வன இலாகாவுக்கு உடனே எழுதியறிவிப்பதும் கடமையாம்.