மன்னார்குடி வயலுக்குத் தண்ணீர் வர எத்தனை கை மாறணும் தெரியுமா?

கர்நாடகத்துடனான தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்கக் காவிரி நடுவர் மன்றம் அமையக் காரணமாக இருந்த மனுவைப் போட்டது யார் தெரியுமா? தமிழக அரசு இல்லை, டெல்டா விவசாயிகள்! மாநில அரசு 1971-ல் போட்ட வழக்கை மறு வருடமே திரும்பப் பெற்றுக்கொண்டது. பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்றே ஆண்டுகள் ஓடின. பொறுத்துப் பார்த்த விவசாயிகள் 1983-ல் தாங்களே உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். ‘தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம்’, இதுதான் மனுதாரரின் பெயர். அதை முன்னின்று நடத்தியவர் நம்ம மன்னார்குடி எஸ். ரங்கநாதன்! ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றத்தை அமைக்க வேண்டும் என்று 1990 மே 4-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, ஜூன் 2-ல் மன்றம் அமைந்தது. மனு போட்ட நாளிலிருந்து கடைசித் தீர்ப்பு வர சுமார் 35 வருடம். அதற்குள் ஒரு தலைமுறையே நாற்று நட்டுக் களைத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பில் தண்ணீரை எவ்வளவு நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள் தெரியுமா? 2007-ல் நடுவர் மன்றம், கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75-ல் 4.75 பெங்களூரின் குடிநீருக்குப் போனது. மீதி 10 டி.எம்.சி. ஏன் குறைந்தது? டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறதாம், அதனால்! கடலோரக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் நிலத்தடியில் ஊறும். அந்த நிலத்தடி நீரையே காரணம் காட்டி ஆற்றுத் தண்ணீரைக் குறைத்தது என்னால் இன்றுவரை ஏற்க முடியாத கணக்கு.

மாதவாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. ஜனவரிக்கு வெறும் 2.76. ஆக, வருடக் கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது, அந்தந்த மாதத் தண்ணீர் அந்தந்த மாதம் வந்தாக வேண்டும். குறுவை நாற்றங்கால் ஜூனில் கேட்கும் தண்ணீரை அக்டோபரில் கொடுத்து என்ன பயன்?

சரி, ஒரு டி.எம்.சி. என்றால் எவ்வளவு? நூறு கோடி கன அடி, அதாவது 2,831 கோடி லிட்டர்! நம்ம ஹரித்ரா நதி தெப்பக்குளம் 1,158 அடி நீளம், 837 அடி அகலம். ஒரே ஒரு டி.எம்.சி.யை அதற்குள் நிறுத்திவைத்தால் ஆயிரம் அடிக்கு மேல் எழும்பி நிற்கும். ராஜகோபாலசாமி கோயில் கோபுரமெல்லாம் அதன் காலடியில்தான்! மேட்டூர் அணையின் கொள்ளளவோ 93.47 டி.எம்.சி.

இதையெல்லாம் கண்காணிக்க 2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. அதன் செலவுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? சண்டை போடும் மாநிலங்களேதான்! தமிழ்நாடு 40, கர்நாடகம் 40, கேரளம் 15, புதுச்சேரி 5 சதவீதம். தண்ணீர்ச் சண்டையை விவசாயிகளே தீர்த்துக்கொள்ளும் ஊரும் உண்டு, ஸ்பெயினின் வலென்சியா. அங்கே தேவாலய வாசலில் வியாழன்தோறும் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. நீதிபதிகள் விவசாயிகளே, வாய்மொழியாக விசாரித்து அங்கேயே தீர்ப்பு சொல்கிறார்கள். நம் ஆணையம் இருப்பது டெல்லியில்.

சரி, தண்ணீர் நம்ம வயலுக்கு எப்படி வருகிறது? மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் 15, 16-ம் தேதி வாக்கில் கல்லணை சேரும். அமைச்சர்கள் பூவும் விதைநெல்லும் தூவ, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரியும். வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடி பிரிந்து, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்புக்கு வரும். அங்கே பிரிகிற பாமணி ஆறுதான் மன்னார்குடிக்கு வருகிறது. வழியெங்கும் ரெகுலேட்டர், ஷட்டர், திருகு. அதை ஏற்றி இறக்குபவர் லஸ்கர். எத்தனை கன அடி என்று டெல்லியில் முடிவானாலும், ராத்திரி மழையில் கரையோடு நடந்துபோய்த் திருகைச் சுற்றுவது அவர் கைதான். காலியாகக் கிடக்கும் லஸ்கர் பணியிடங்களை நிரப்புங்கள் என்று விவசாய சங்கங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டன. எந்தப் பெரிய திட்டத்தையும்விட இதுதான் அவசரம் என்பேன்.

பணத்துக்கு வருவோம். 1934-ல் திறந்த மேட்டூர் அணையைக் கட்ட ஆன செலவு சுமார் 4.80 கோடி ரூபாய்! 2023-ல் டெல்டாவில் தூர்வார மட்டும் ஒதுக்கியது 90 கோடி. அன்றைய ரூபாய் வேறு, இன்றைய ரூபாய் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 90 கோடியில் தூர்வார வேண்டிய நீளம் 4,773 கிலோமீட்டர். நம் நாட்டின் வடமுனையிலிருந்து தென்முனை வரைகூட 3,214 கிலோமீட்டர்தான்! வகுத்துப் பாருங்கள், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு லட்சம்கூடத் தேறாது. அதையும் தண்ணீர் வருவதற்குள் முடித்தாக வேண்டும். 2022-ல் மே 24-லேயே மேட்டூர் திறந்தது, சுதந்திரத்துக்குப் பின் மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. 2024-லோ ஜூலை 28 வரை காத்திருந்தோம்.

பராமரிப்பில் கைவைத்தால் என்ன ஆகும்? 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து 9 மதகுகள் வெள்ளத்தில் போயின! புதிய கதவணைக்கு ஒதுக்கிய தொகை 387.60 கோடி. அந்தப் பணத்தில் 2023 தூர்வாரும் பணியை நாலு தடவை செய்திருக்கலாம்.

வெண்ணாற்றுப் படுகைக்கு வெளிநாட்டுக் கடனும் வந்தது தெரியுமா? அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016-ல் 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கடலோரத்தில் உப்பு நீர் ஏறுவதையும் வெள்ளத்தையும் தடுக்கத்தான் இந்தப் பணம். கடன் என்றால் திருப்பிக் கட்டுவது நம் வரிப்பணம், மறந்துவிடக் கூடாது.

பக்கத்து வடுவூர் ஏரி தெரியுமல்லவா? மேட்டூர்த் தண்ணீரில் நிரம்பும், பறவைகள் வந்து தங்கும் பாசன ஏரி அது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது! பறவைகளுக்கும் டி.எம்.சி. கணக்கில் பங்கு உண்டு.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் உங்கள் வாய்க்காலில் பொக்லைன் இறங்கும்போது கரைக்குப் போங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லட்சம், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பதில் வாங்கிய ஊர்க்காரர்கள் நாம்.