கடல் தாண்டும் கோப்புகள் – 9
மனைவிக்கும் மதிப்பெண் உண்டு

"மாப்பிள்ளைக்கு பி.ஆர். வந்துடும், நம்ம பொண்ணும் கூடவே போயிடுவா." ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலும் தில்லைநகரிலும் கல்யாணப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. கூடப் போவாள், சரி. ஆனால் அந்த நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) விண்ணப்பத்தில் அவளுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை.

கனடாவின் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்ற குடியேற்றப் புள்ளிமுறையில் வயது, படிப்பு, மொழி, அனுபவத்துக்கான அடிப்படைப் பகுதி 500 புள்ளி. தனியாளுக்கு அத்தனையும் அவர் கணக்கில் வரும். மனைவியோடு போகிறவருக்கு 460தான். மிச்சம் 40 அவளுடையது. படிப்புக்கு 10, மொழித்தேர்வுக்கு 20, கனடாவில் வேலை பார்த்திருந்தால் 10. ஆஸ்திரேலியாவில் மனைவி 45 வயதுக்குள் இருந்து, ஆங்கிலமும் தொழில்திறன் மதிப்பீடும் தேறினால் கணவருக்கு 10 புள்ளி. ஆங்கிலம் மட்டும் தேறினால் 5. பிரம்மச்சாரிக்கோ சும்மாவே 10! கல்யாணம் செய்துகொண்டது குற்றமா என்று கேட்கத் தோன்றும்.

இங்கேதான் சிலருக்குச் சபலம் தட்டுகிறது. மனைவியை 'உடன் வராதவர்' என்று காட்டிக் கணவர் முதலில் போகலாம், கனடா அதை அனுமதிக்கிறது. ஆனால் அவள் பெயர் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். கல்யாணத்தையே மறைத்தால் பின்னாளில் குடும்ப விசாவில் அவளை அழைத்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். பொய்த்தகவல் என்று முடிவானால் கணவருக்கே 5 ஆண்டுத் தடை. ஏஜென்ட் சொன்னார் என்பது அங்கே எடுபடாது.

இனி காகிதங்கள். நம் ஊரில் பெரிய தலைவலி பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் 'ரங்கநாயகி', பாஸ்போர்ட்டில் 'ரெங்கநாயகி'. காவிரிக் கரையில் இரண்டும் ஒருத்திதான். வெளிநாட்டு அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினால் ஆள் வேறு. அப்பா பெயரை இனிஷியலாக வைத்திருந்து, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்தவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்துங்கள்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். ஸ்ரீரங்கம் 1994 வரை தனி நகராட்சி. அந்த ஆண்டுதான் பொன்மலையோடு சேர்ந்து திருச்சி மாநகராட்சிக்குள் வந்தது. அதற்கு முந்தைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இராது. 'பெண்' என்று இருக்கும், கீழே பெற்றோர் பெயர், அவ்வளவுதான். பெயரைச் சேர்க்க மாநகராட்சியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் பதிவு வேறு ஊரில் இருக்கவும் வாய்ப்புண்டு.

திருமணப் பதிவு தமிழ்நாட்டில் 2009 நவம்பர் 24 முதல் கட்டாயம். கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கோயில் ரசீதும் ஆல்பமும் விசாவுக்குப் போதாது. பதிவுக்குப் பத்திரிகையையும் கேட்பார்கள். 'சௌ.' என்று போட்டு வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை அச்சடித்திருந்தால் அங்கேயே கேள்வி ஆரம்பித்துவிடும்.

அவள் படித்தது ஆங்கில வழியிலா? கல்லூரியிலிருந்து அதற்கொரு கடிதம் வாங்கி வையுங்கள். ஆஸ்திரேலிய விசாவில் மனைவியின் அடிப்படை ஆங்கிலத்துக்கு அது சான்றாகும். அது இல்லை, தேர்வும் எழுதவில்லை என்றால் ஐந்தாயிரம் டாலரை நெருங்கும் கூடுதல் கட்டணம். சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியிலோ ஹோலி கிராஸிலோ பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அந்தத் தண்டம் எதற்கு?

ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தைக் கணவரும் ஏஜென்டும் நிரப்பி, பெண்ணிடம் கையெழுத்து மட்டும் வாங்குவதுதான் நம் வழக்கம். கையெழுத்துக்கு முன் தன் பெயர், பிறந்த தேதி, 'உடன் வருபவர்' என்ற கட்டம் மூன்றையும் அவளே ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

(தொடரும்)