அடங்காத கோழிகள் கற்றுத் தந்த பாடம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஆண்கள் வாழைத் தோட்டத்தைப் பார்க்க ஓடுவார்கள். பெண்கள் விறகையும் வறட்டியையும் அள்ளி உள்ளே அடுக்குவார்கள். நான் முதலில் போய்ப் பார்ப்பது புழக்கடையில் இருக்கும் கோழிக் கூட்டைத்தான். "இவளுக்குக் கோழிதான் மூத்த பிள்ளை" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். கூட்டைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதற்கு நான் ஒரு முறை கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும். கோழி வளர்க்கும் சகோதரிகள் யாருக்காவது உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இப்போது கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. வாழையும் நெல்லும் குளமுமாக இருக்கிற சின்ன ஊர். ஆனாலும் மண்ணைக் கிண்டினால் பழைய சிப்பியும் சங்கும் வரும். துறைமுகத்தின் பெருமை புத்தகத்தில் இருக்கட்டும். அந்தச் சிப்பி ஓடு என் கோழிகளுக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வைத்திருப்பது சாதாரண நாட்டுக்கோழிதான். விடிந்ததும் திறந்து விட்டால் நாள் முழுக்க மேய்ந்துவிட்டு வரும். காலையில் கொஞ்சம் குருணையும் தவிடும். மீன்காரம்மா வந்தால் மீன் குடலும் செதிலும். ஒரு பழைய பானையில் சாணியும் ஈரச் சாக்கும் போட்டு, கரையான் இருக்கிற இடத்தில் இரவில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் அப்பிக் கிடக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட விருந்து கிடையாது. காசு கொடுத்து வாங்குவது சாயங்காலம் போடும் ஒரு பிடி கம்பு மட்டும்தான்.

முட்டை விற்கிற காசு சீரக டப்பாவுக்குள் போகும். மகளுக்கு நோட்டு, அம்மா வீட்டுக்குப் போனால் கையில் கொஞ்சம் பழம், அவசரத்துக்கு பஸ் செலவு. தொகை பெரிதில்லை. ஆனால் "எதுக்கு?" என்று யாரும் கேட்காத காசு அது ஒன்றுதான். இதன் அருமை உங்களுக்கும் தெரியும்.

நான் கோழி வைத்த முதல் வருஷம், ஐப்பசி பாதியில் முட்டை திடீரென்று நின்றுவிட்டது. வைக்கோல் படப்பில் தேடினேன், விறகு அடுக்கில் தேடினேன். கீரி தின்றுவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் மேல்கூடச் சந்தேகப்பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும்! கடைசியில் என் அத்தை (மாமியார்) ஒரு பெட்டையைப் பிடித்து, கழுத்து இறகை ஒதுக்கிக் காட்டினார்கள். உள்ளே முள் முள்ளாகப் புது இறகு முளைத்திருந்தது.

"ஏளா, பழைய இறகைக் கொட்டிட்டுப் புதுசு போடுது. திங்கிறதெல்லாம் அதுக்கே சரியாப் போவுது. அதுவும் பொம்பளைதானே, ரெண்டு மாசம் ஓயட்டும் விடு" என்றார்கள்.

பிறகு கால்நடை டாக்டரிடம் கேட்டபோது அவரும் அதைத்தான் சொன்னார். பகல் குறையக் குறைய முட்டை குறையுமாம். பெரிய பண்ணைகளில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் வரை வெளிச்சம் கொடுப்பது அதற்காகத்தான். எங்கள் பக்கம் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதோடு மழையில் மேய்ச்சலும் கெட்டுவிடும், இறகும் கொட்டும். எல்லாம் சேர்ந்தால் முட்டை எங்கே வரும்? இறகு முளைக்கப் புரதச் சத்து வேண்டும். அதனால் இந்த இரண்டு மாதமும் கருவாட்டுத் தலையை இடித்துத் தவிட்டோடு பிசைந்து வைக்கிறேன். முட்டை இடவில்லை என்று தீனியைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. இப்போது போடுகிற தீனிதான் தை மாசம் முட்டையாகத் திரும்பி வரும்.

அடுத்தது குளிர். ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிர் எங்களுக்கு ஏது? மார்கழி விடியலில்கூட ஒரு போர்வை போதும். கோழிக்குத்தான் இறகே போர்வையாயிற்றே. எங்கள் பக்கம் கோழியைக் கொல்வது குளிர் இல்லை, ஈரம்தான். இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது 2023ஆம் வருஷம் டிசம்பர் 17ஆம் தேதி.

அன்று மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. வாசலில் கோலம் போட முடியாதபடி மழை. பகல் முழுக்க விடவே இல்லை. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும் அவ்வளவு பெய்யாது! சாயங்காலம் கோழிகளைச் சீக்கிரமே கூட்டில் அடைத்தேன். அப்போது கூடு தரையோடு தரையாக இருந்தது. கீரிக்குப் பயந்து கொண்டியைப் போட்டு, அது போதாதென்று கதவுக்கு அம்மிக் குழவியையும் அண்டைக் கொடுத்தேன். இரண்டு பெட்டைகள் மட்டும் வழக்கம்போல் அடையாமல் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டன. "அடங்காததுகள், நனைஞ்சு சாவுங்க!" என்று ஏசிவிட்டு உள்ளே வந்தேன்.

இரவு தண்ணீர் வந்தது. ஆற்றுத் தண்ணீரா, குளத்துத் தண்ணீரா, எதுவென்று தெரியவில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறியதும் மகளையும் அத்தையையும் பிடித்துக்கொண்டு, ரேஷன் கார்டையும் மகளுடைய சர்டிபிகேட்டையும் ஒரு பையில் சுருட்டிக்கொண்டு, எதிர் மாடி வீட்டுக்குப் போய்விட்டோம். மாடியில் ஏறி மூச்சு விட்ட பிறகுதான் கோழி ஞாபகம் வந்தது. கீழே இருட்டு. தண்ணீர் மார்பளவுக்கு ஓடியது. கூட்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. "போகாதளா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள்தான் கீழே இறங்கினோம். கூட்டுக் கொண்டி நான் போட்டபடியே இருந்தது. சேவல், நான்கு பெட்டை, மூன்று விடைக்கோழி, ஒன்பது குஞ்சு. மொத்தம் 17. வேப்பமரத்தில் இரண்டு பெட்டைகள் நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஊரில் மாட்டைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். வீட்டையே இழந்தவர்கள் இருந்தார்கள். ஏரல் பாலமே உடைந்து போயிருந்தது. எங்கள் வாழையும் சாய்ந்து கிடந்தது. இதற்கு நடுவில் கோழிக்காக அழுதால் யார் என்ன நினைப்பார்கள்? யாரும் இல்லாத நேரத்தில் அழுதேன். வெள்ளத்தை நினைத்து அழவில்லை. அந்தக் கொண்டியைப் போட்டது என் கைதானே என்றுதான் அழுதேன்.

"போதும்ளா, இனிமே கோழியே வேண்டாம்" என்றார் அவர். நானும் சரி என்றேன். அரசாங்கம் கொடுத்த நிவாரணம் 6,000 ரூபாய் வீட்டைத் துடைத்து எடுக்கவே சரியாக இருந்தது. சீரக டப்பாவில் சீரகம்தான் இருந்தது.

மாசி மாதம் அந்த இரண்டு பெட்டைகளில் ஒன்று கேறிக்கொண்டு அடைக்கு உட்கார்ந்தது. சேவல் இல்லாத வீட்டில் முட்டை பொரிக்குமா? எல்லாம் கூமுட்டையாகத்தான் போகும். சாயர்புரத்தில் இருக்கும் என் மதினி விஷயம் கேள்விப்பட்டு, தவிட்டில் பொதிந்து பதினோரு முட்டை கொடுத்துவிட்டார்கள். அத்தை கடகத்தில் மணல் பரப்பி, முட்டையை அடுக்கி, இடி இடித்தால் கெடாமல் இருக்க ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டார்கள். ஆணி வேலை செய்ததோ, கோழி வேலை செய்ததோ, 21ஆம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கடையிலிருந்து கம்பு வாங்கி வந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது கூடு தரையில் இல்லை. நான்கு கல்தூண் நட்டு, பழைய பலகையும் கம்பி வலையும் அடித்து, இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. மேலே தகரம், அதன்மேல் பனையோலை. மழைக்கு முன்னால் நான் செய்வதைச் சொல்கிறேன், முடிந்தவர்கள் செய்து பாருங்கள்.

வாடைக் காற்று அடிக்கும் வடக்குப் பக்கத்தில் சாக்குத் தொங்க விடுகிறேன். நான்கு பக்கமும் அடைத்துவிடக் கூடாது. கோழியின் மூச்சும் எச்சமும் சேர்ந்து உள்ளே ஆவி கட்டினால் சளி பிடிக்கும். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி எப்போதும் வேண்டும். நனைந்த சாக்கு, சாக்கு இல்லாததைவிட மோசம். காலையில் கழற்றி உதறிக் காயப்போட வேண்டும்.

கூட்டில் நான்கு விரற்கடை உயரத்துக்கு உமி பரப்புகிறேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளறி, ஈரமானதை அள்ளி எருக்குழியில் போட்டு, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் தூவுவேன். ஈர உமியில்தான் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும். ஒரு பழைய டயருக்குள் மணலும் சாம்பலும் போட்டுக் கூரைக்கடியில் வைத்திருக்கிறேன். வெளியே சேறாக இருந்தாலும் அதில் புரண்டு பேனை உதறிக்கொள்ளும்.

குஞ்சுகளுக்கு முதல் மூன்று வாரம் சூடு முக்கியம். தாய்க்கோழி இருந்தால் கவலை இல்லை. தாய் இல்லாத குஞ்சுகளுக்குப் பஞ்சாரத்துக்குள் ஒரு குண்டு பல்பு. குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். அதுகளே சொல்லிவிடும்.

சிப்பி விஷயத்துக்கு வருகிறேன். முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். அது குறைந்தால் தோல்முட்டை வரும். கடையில் விற்கும் தாது உப்புக்குப் பதில், சிப்பி ஓட்டைக் கழுவிக் காயவைத்து, உரலில் இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். முத்து எடுத்த ஊரில் சிப்பிக்கா பஞ்சம்?

எல்லாவற்றையும்விட முக்கியம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து. ராணிகேத் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வந்துவிட்டால் மருந்து கிடையாது, கூடே காலியாகிவிடும். குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8ஆவது வாரம் இறக்கையில் ஊசி. நோய் இல்லாத கோழிக்குத்தான் போட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து ஏராளமான கோழிக்கு வரும், கரைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் வீணாகிவிடும். அதனால் எங்கள் தெருப் பெண்கள் ஒரே நாளில் சேர்ந்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வந்து எல்லாக் கோழிக்கும் போட்டுவிடுகிறோம். நான் சந்தேகப்பட்டேனே, அந்தப் பையன்தான் இப்போது கோழி பிடித்துக் கொடுப்பவன்!

அன்று வந்த மாதிரி வெள்ளம் மறுபடி வந்தால் இடுப்பளவுக் கூடு தாங்காது. அது எனக்குத் தெரியும். அதனால் கூட்டுக்குக் கொண்டி வைத்தாலும் வெளியே நீளமாக ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். தூரத்தில் நின்று இழுத்தாலும் கதவு திறக்கும். ரேடியோவிலோ போனிலோ சிவப்பு எச்சரிக்கை என்று கேட்டால் இருட்டும்வரை காத்திருப்பதில்லை. இரண்டு பெரிய கூடையில் கோழிகளைப் போட்டு, மேலே வலையைக் கட்டி, எதிர்வீட்டு மாடிப்படிக்கு அடியில் கொண்டு வைத்துவிடுவேன். மழை பெய்யாமல் போய்விட்டால் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும்.

இன்று என் கூட்டில் இருபதுக்கு மேல் கோழிகள். எல்லாம் அந்த வேப்பமரத்துப் பெட்டைகள் அடைகாத்த வம்சம். மூத்தவள் இன்னமும் கூட்டில் அடைவதில்லை, பொழுது சாய்ந்தால் மரத்தில்தான். முன்பு போல் கம்பை எடுத்துக்கொண்டு நான் விரட்டுவதும் இல்லை, ஏசுவதும் இல்லை. விளக்கு வைக்கப் போகும்போது அண்ணாந்து பார்த்து, இருக்கிறாள் என்று தெரிந்ததும் உள்ளே வந்துவிடுகிறேன்.

– ஒரு வாசகி, கொற்கை.