வெள்ளத்தைத் தாங்கிய நெல் சொல்லும் பாடம்

வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கினால் சம்பா நட்ட விவசாயிக்குத் தூக்கம் போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் இளம்பயிர் பெரும்பாலும் அழுகிவிடும். ஆனால், சி.ஆர். 1009 சப்-1 ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்விடும். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது தெரியுமா?

ஒடிசாவின் தாழ்வான வயல்களில் விளைந்த பழைய நெல் ஒன்றிலிருந்து. எப்.ஆர். 13ஏ என்பது அதன் பெயர். விளைச்சல் குறைவு. எடையை மட்டும் பார்த்திருந்தால் யாரும் அந்த விதையைக் காப்பாற்றியிருக்க மாட்டார்கள்.

சாதாரண நெற்பயிர் மூழ்கியதும், தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்க்க வேகமாக நீளும். சேமித்த மாவுச்சத்தை அதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். எப்.ஆர். 13ஏ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைச் சேமித்து வைக்கும். இதற்குக் காரணமான சப்-1ஏ மரபணுவைப் பற்றிய ஆய்வு 2006-ல் வெளியானது. அந்தக் குணம் சேர்க்கப்பட்ட ஸ்வர்ணா சப்-1 நெல் 2009-ல் நம் நாட்டில் வெளியிடப்பட்டது. சி.ஆர். 1009 ரகத்திலும் அதே குணம் பின்னர் சேர்க்கப்பட்டது.

வேறுபாடு எப்படி வருகிறது?

எல்லாம் நெல்தான். ஆனாலும் ஒன்று வெள்ளம் தாங்குகிறது. கேரளத்தின் பொக்காளி உப்பு தாங்குகிறது. ஒரே இனத்துக்குள் இந்த வேறுபாடு மூன்று வழிகளில் உண்டாகிறது. முதலாவது, மரபணுவில் தானாக நிகழும் திடீர் மாற்றம். இரண்டாவது, மகரந்தச் சேர்க்கையின்போது தாய், தந்தைச் செடிகளின் குணங்கள் புதிதாகக் கலப்பது. கம்பு, மக்காச்சோளம் போன்ற அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில் இது அதிகம். தன் மகரந்தச் சேர்க்கை செய்யும் நெல்லில் குறைவு. மூன்றாவது தேர்வு. மண்ணும் மழையும் ஒரு பக்கம் வடிகட்ட, நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்த உங்கள் முன்னோர் மறுபக்கம் வடிகட்டினார்கள்.

எல்லாம் ஒன்றுபோல் இருந்தால்?

அமெரிக்காவில் 1970-ல் நடந்ததைப் பாருங்கள். அங்கு ஒட்டு மக்காச்சோள விதை உற்பத்தியில் பெரும்பாலும் ஒரே வகை ஆண் மலட்டுத் தாய்ச்செடியே பயன்பட்டது. அந்த வகையை எளிதில் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சாணம் பரவியதும் வயல் வயலாகக் காய்ந்தது. நாட்டின் மொத்த மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் ஒரே ஆண்டில் போனது. வேறுபாடு இருந்திருந்தால், ஒரு வயல் விழுந்தாலும் அடுத்த வயல் நின்றிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* முழு நிலத்திலும் ஒரே ரகத்தைப் போடாதீர்கள். வயதும் குணமும் வேறுபட்ட இரண்டு, மூன்று ரகங்களாகப் பிரித்து நடுங்கள்.

* பாரம்பரிய ரகம் இருந்தால் சில சென்ட் நிலத்திலாவது அவ்வப்போது பயிரிட்டு விதையைப் புதுப்பியுங்கள். நெல்லாக இருந்தால் பக்கத்து ரகத்திலிருந்து 3 மீட்டர் இடைவெளி விடுங்கள்.

* ஒரே செடியில் விதை எடுக்காதீர்கள். நோயற்ற பல செடிகளிலிருந்து கதிர்களைச் சேகரித்துக் கலந்து வையுங்கள். நெல் விதையை 13 சதவீத ஈரப்பதத்துக்குள் உலர்த்துங்கள்.

* வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து மறுபடி விதைக்காதீர்கள். குணங்கள் பிரிந்து, பயிர் ஒரே சீராக வராது.

* தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001-ன்படி விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், உங்கள் ரகத்தைப் பதிவு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அரிய விதை கையில் இருந்தால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கியைப் பற்றி வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். பரணில் கிடக்கும் பழைய விதையைக் கோழிக்குப் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நாளை வரப்போகும் நோய்க்கோ வறட்சிக்கோ மருந்து அந்த ஒரு கைப்பிடியில் இருக்கலாம்.