விரலுக்குப் பெரிய ஆபத்தில்லை, மூச்சுக்கு? ‘ஸ்க்ரோல் சா’ மரவேலை - முழு விளக்கம்

இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ இந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். ஒரு பலகை. அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் யானைப் படம். நூல் மாதிரி மெல்லிய ரம்பம் மேலும் கீழுமாகத் துடிக்கிறது. இரண்டு கைகள் பலகையை மெதுவாகத் திருப்புகின்றன. தும்பிக்கை, காது, வால் என்று கோடு பிசகாமல் சுற்றிவந்து, கடைசியில் யானை தனியாகக் கழன்று விழுகிறது. அரை நிமிடம்தான். ‘நாமும் செய்து பார்த்தால் என்ன?’ என்று அதை சேவ் செய்துவைப்பவர்கள் நிறைய பேர்.

அந்த மெஷினின் பெயர் ஸ்க்ரோல் சா. மின்சாரத்தில் ஓடும் மரவேலை மெஷின்களில், புதியவர்களும் பயமில்லாமல் தொடக்கூடியது என்று பெயரெடுத்தது. அந்தப் பெயரில் உண்மை இருக்கிறது. ஆனால், கேமராவில் சரியாகப் பதிவாகாத ஒன்றும் இருக்கிறது. அந்த யானை வெளியே வருவதற்குள் அறை முழுக்கப் பறந்த மரத்தூள்!

இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது? எங்கிருந்து தொடங்கலாம்? எதில் கவனம் தேவை? பார்க்கலாம்.

அதென்ன ஸ்க்ரோல் சா?

தையல் மெஷினை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஊசி ஒரே இடத்தில் மேலும் கீழும் போய்வரும். துணியைத்தான் நாம் நகர்த்துவோம். ஸ்க்ரோல் சாவும் அப்படித்தான். ஊசி இருக்கும் இடத்தில் மெல்லிய ரம்ப பிளேடு, துணி இருக்கும் இடத்தில் பலகை.

பிளேடின் நீளம் பொதுவாக 5 அங்குலம். அதன் மேல் முனையும் கீழ் முனையும் இரண்டு கிளிப்புகளில் இறுக்கப்பட்டிருக்கும். மோட்டார் ஓடும்போது பிளேடு ஏறி இறங்கும் தூரம் சுமார் முக்கால் அங்குலம் மட்டுமே. பல மாடல்களில் நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஆசாரிகள் கையில் பிடித்து ப்ளைவுட் வெட்டும் ஜிக்சா மெஷின் வேறு, இது வேறு. ஜிக்சாவில் மெஷின் நகரும். இதில் மரம் நகரும். பிளேடு மிக மெல்லியது என்பதால் கூர்மையான வளைவுகளையும் திருப்பிவிடலாம். காகிதச் சுருள்போல வளைந்து செல்லும் அலங்கார வேலைப்பாட்டை ஆங்கிலத்தில் ‘ஸ்க்ரோல்’ என்பார்கள். மெஷினுக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான்.

வாங்கும்போது 16 இன்ச், 20 இன்ச் என்று சொல்வார்கள். அது பிளேடுக்கும் பின்பக்கச் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி. எவ்வளவு பெரிய பலகையைத் திருப்பி வெட்ட முடியும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

அரண்மனை முதல் ஜிக்சா புதிர் வரை

மெஷின் புதிதாகத் தெரியலாம். வேலை ரொம்பப் பழையது.

பிரான்ஸில் பதினான்காம் லூயி மன்னருக்கு மேசை, அலமாரிகள் செய்துகொடுத்தவர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642-1732). பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டுத் தகட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மெல்லிய ரம்பத்தால் சேர்த்தே வெட்டுவது இவரது பட்டறையின் அடையாளம். ஒரே வெட்டில் இரண்டு டிசைன் கிடைக்கும்: ஆமை ஓட்டுக்குள் பித்தளைப் பூ ஒன்று, பித்தளைக்குள் ஆமை ஓட்டுப் பூ இன்னொன்று. இன்றைக்கு ஸ்க்ரோல் சா வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று ப்ளைவுட் தகடுகளை டேப் சுற்றி ஒன்றாக வெட்டுகிறார்களே, அதுவும் அடிப்படையில் இதே உத்திதான்.

1760-களில் லண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டிலேயே வெட்டி விற்றார். குழந்தைகள் துண்டுகளைச் சேர்த்துப் புவியியல் கற்றார்கள். ஜிக்சா புதிரின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இதுதான். ‘ஜிக்சா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது ரொம்பப் பின்னால். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்காவில் வேலை இழந்தவர்கள் சிலர், வீட்டுப் பட்டறையில் புதிர்கள் வெட்டி விற்றும் வாடகைக்கு விட்டும் பிழைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உறவு உண்டு. புவிசார் குறியீடு பெற்ற மைசூர் ஈட்டி மர இழைப்பு வேலையில், வெவ்வேறு நிற மரங்களை மெல்லிய ரம்பத்தால் சின்னச் சின்ன வடிவங்களாக வெட்டி, ஈட்டி மரப் பலகையில் பதிப்பார்கள். பெயின்ட் அடிக்காமல் மரத்தின் சொந்த நிறத்திலேயே யானையும் காடும் உருவாகும்.

முதல் பாடம்: தள்ளாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். வேகமாக வெட்ட வேண்டும் என்று பலகையை அழுத்தித் தள்ளுவது.

தள்ளினால் மூன்று விஷயங்கள் நடக்கும். பிளேடு சூடாகி, வெட்டிய இடத்தில் கறுப்பாக எரிந்த தடம் விழும். பிளேடு வில்போல வளைவதால், மேல்பக்கம் கோட்டில் இருந்தாலும் கீழ்ப்பக்கம் சாய்ந்துபோகும். அப்படி வெட்டிய புதிர்த் துண்டு ஒரு பக்கமிருந்து மட்டும்தான் உள்ளே போகும். மூன்றாவது, பிளேடு ‘டக்’கென்று உடையும். பிளேடு உடைவது இந்தப் பொழுதுபோக்கில் சாதாரணம். டஜன் கணக்கில் விற்பதே அதனால்தான்.

பிளேடின் இழுவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: மெஷின் நின்றிருக்கும்போது வீணைத் தந்தியைப்போல ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று தெளிவாகக் கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலரைக் குழப்பும். பலகையை நேராக நகர்த்தினாலும் வெட்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். மெஷினில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான பிளேடுகளில், தயாரிக்கும்போதே ஒரு பக்க விளிம்பில் கொஞ்சம் பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டும். பலகையைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து நகர்த்தினால் கோடு நேராகிவிடும். சில நாள் பழக்கத்தில் கை தானாகவே சரிசெய்துகொள்ளும்.

‘ட’வில் தொடங்கி ‘அ’வுக்கு

பயிற்சிக்கு நம் எழுத்துகளே போதும்.

முதலில் ‘ட’. நேர்கோடுகளும் மூலைகளும் மட்டுமே. அடுத்து ‘ப’. மூலையில் அவசரப்படாமல் பலகையைத் திருப்பக் கற்றுக்கொள்ள இது உதவும். இவை இரண்டையும் பலகையின் ஓரத்திலிருந்தே வெட்டிக்கொண்டு வரலாம்.

‘அ’வுக்கு வரும்போது ஒரு சிக்கல். அதன் சுழிக்குள் இருக்கும் துளையை வெளியிலிருந்து வெட்டிக்கொண்டு போய்ச் சேர முடியாது. அதனால் சுழிக்குள் டிரில்லால் சிறிய ஓட்டை போட வேண்டும். மெஷினை நிறுத்தி, பிளேடின் மேல் முனையைக் கழற்றி, ஓட்டை வழியாக நுழைத்து, மறுபடி இறுக்கி, உள்ளே வெட்ட வேண்டும். ஜாலி வேலைப்பாடு மாதிரியான டிசைன் என்றால் இதையே ஐம்பது, நூறு தடவை செய்ய வேண்டியிருக்கும். பொறுமைக்கான உண்மையான தேர்வு இங்கேதான்.

எழுத்தை வெட்டி எடுக்காமல், பலகையில் எழுத்தின் வடிவத்தில் துளை விடுவதென்றால் கணக்கே மாறும். சுழிக்கு நடுவில் உள்ள துண்டு பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். அதைத் தாங்க, வரையும்போதே ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். வாசல் பெயர்ப் பலகை செய்ய ஆசைப்படுபவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

தொடக்கத்துக்கு 5-ம் நம்பர் பிளேடு, அரை அங்குலப் பலகை. மெல்லிய ப்ளைவுட் என்றால் 3-ம் நம்பர். நம்பர் கூடக் கூட பிளேடு தடிமனாகும்.

விரல் தப்பிக்கும், தூசு?

வட்ட ரம்ப மெஷினோடு ஒப்பிட்டால் ஸ்க்ரோல் சா சாதுவானது. பிளேடு மெல்லியது, அசையும் தூரமும் குறைவு. விரல் பட்டால் வெட்டு விழும், தையல்கூடத் தேவைப்படலாம். ஆனால், விரலே போய்விடும் அபாயம் அந்தப் பெரிய மெஷின்களில் இருக்கும் அளவுக்கு இதில் இல்லை. உடைந்த பிளேடு தெறிக்கும் என்பதால் கண்ணாடி கட்டாயம். தலைமுடி, துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை எதுவும் தொங்கக் கூடாது.

பெரும்பாலானவர்களின் கவனம் இதோடு முடிந்துவிடுகிறது. அசல் பிரச்சினை காற்றில் இருக்கிறது.

மெல்லிய பிளேடு மெல்லிய தூளை உண்டாக்கும். அந்தத் தூள் கோட்டை மறைக்காமலிருக்க, பல ஸ்க்ரோல் சாக்களில் சின்னதாக ஒரு காற்றுக் குழாய் இருக்கும். வெட்டும் இடத்தில் அது ஊதிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு வசதி. ஆனால், ஊதிய தூள் எங்கே போகும்? குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தைச் சுற்றித்தான். பெரிய துகள்கள் தரையில் விழும். கண்ணுக்கே தெரியாத துகள்கள் மணிக்கணக்கில் மிதந்து, மூச்சோடு உள்ளே போகும். வெட்டி முடித்து உப்புத்தாள் போடும்போது தூசு இன்னும் அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை 1995-லேயே முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்கு, அதைச் சுற்றியுள்ள சைனஸ் பகுதிகளில் வரும் புற்றுநோய்தான் முக்கியக் காரணம். எம்டிஎஃப் பலகையை ஒட்டவைக்கும் பசைகளில் பெரும்பாலும் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

இதைப் படித்துப் பதற வேண்டாம். அந்த ஆதாரங்கள் பெரும்பாலும் மரத் தொழிற்கூடங்களில் பல வருடங்கள் வேலை பார்த்தவர்களிடமிருந்து வந்தவை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வெட்டுபவரின் நிலை அதுவல்ல. ஆனால் ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்களுக்கு வருடக்கணக்கு தேவையில்லை. தேக்கு, ஈட்டி மரத் தூள் சிலருக்குத் தும்மலையும் தோல் அரிப்பையும் சீக்கிரமே கொண்டுவந்துவிடும். முக்கியமாக, தொழிற்கூடத்துத் தூசு தொழிற்கூடத்தோடு போகும். படுக்கையறை மூலையில் வெட்டினால், அதே அறையில்தான் தூங்க வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான்.

அப்போ அபார்ட்மென்ட்டில் செய்யவே முடியாதா?

செய்யலாம். சில ஏற்பாடுகள் வேண்டும்.

* மாஸ்க்: துணி மாஸ்க் போதாது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 வேண்டும். வெட்டி முடித்ததும் கழற்றிவிடாதீர்கள். சுத்தம் செய்யும்போதும் இருக்கட்டும்.
* உறிஞ்சல்: மேசைக்குக் கீழே தூள் வெளியேறும் துவாரத்தில் வாக்வம் குழாயை மாட்டுவது முக்கியம். ஹெபா ஃபில்டர் இல்லாத வாக்வம், நுண்ணிய தூளை மறுபக்கம் வெளியே விட்டுவிடும்.
* இடம்: படுக்கையறை வேண்டாம். பால்கனி பரவாயில்லை. ஆனால், கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.
* துடைப்பம் வேண்டாம்: பெருக்கினால் தூசு மறுபடி கிளம்பும். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.
* மரம்: எம்டிஎஃப் மலிவு, வெட்டவும் சுலபம். ஆனால் அதன் தூள் மாவுபோல இருக்கும். பழகுவதற்கு நல்ல ப்ளைவுட் அல்லது மென்மையான மரமே போதும்.
* சத்தம்: மெஷினைவிட அதிரும் மேசைதான் அதிகச் சத்தம் போடும். கனமான மேசையில் போல்ட் போட்டு, கால்களுக்குக் கீழே ரப்பர் மேட் வைத்தால் குறையும்.

மெஷின் வாங்கித்தான் தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. யு வடிவச் சட்டத்தில் மெல்லிய பிளேடு மாட்டிய கை ரம்பம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெஷின் விலை அதைப்போலப் பல மடங்கு. கை ரம்பத்தில் நேரம் அதிகமாகும், கையும் வலிக்கும். ஆனால் சத்தம் குறைவு, காற்றில் பறக்கும் தூளும் குறைவு. ஓட்டை போட்டு உள்ளே வெட்டுவது, மூலையில் திருப்புவது, கோட்டை விடாமல் போவது எல்லாவற்றையும் இதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கழித்தும் சனிக்கிழமை காலையில் கை அந்த ரம்பத்தைத் தேடினால், அப்போது மெஷினைப் பற்றி யோசிக்கலாம். பட்ஜெட் போடும்போது மெஷின், பிளேடு ஆகியவற்றோடு மாஸ்க், வாக்வம் செலவையும் சேர்த்தே எழுதுங்கள். அதற்குப் பணம் மிஞ்சவில்லை என்றால், அந்த மெஷின் இன்னும் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரவில்லை என்றுதான் அர்த்தம். அதுவரை கை ரம்பத்திலேயே ஒரு ‘அ’ வெட்டிப் பாருங்கள். சுழி சரியாக வந்துவிட்டால், யானை ரொம்ப தூரத்தில் இல்லை.