தியானமும் நாட்குறிப்பும்

தியானஞ் செய்வார்க்கு நாட்குறிப்பு வேண்டுமோ எனின், வேண்டும் என்க. மனம் தன் பிழையை எளிதின் மறக்கும் இயல்பினதாகலின், அதனை எழுதிவைத்தல் நலம். பத்தமடையில் 1887-இல் தோன்றி, இருஷிகேசத்தில் 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர், மாணாக்கர்க்கு ஆன்மிக நாட்குறிப்பொன்றை வகுத்தளித்தனர். எழுந்த நேரம், உறங்கிய பொழுது, உருவேற்றிய செபமாலை, தியானத்திருந்த காலம், சொன்ன பொய், கொண்ட சினம், அவற்றிற்குத் தாமே விதித்துக்கொண்ட தண்டம் முதலியன அதன் வினாக்களாம்.

இவை பெரும்பாலும் அளவையும் பிழையையுமே வினவுதல் ஈண்டு நோக்கற்பாலது. தியானத்திற் கண்ட ஒளியையும் இன்பத்தையும் விரித்தெழுதப் புகின், ‘யான் கண்டேன்’ என்னும் தற்போதம் வளரும். மறுநாள் மனம் சிவத்தை விடுத்து, எழுதற்குரிய அனுபவத்தையே தேடும். ஆணவத்தை ஒடுக்கப் புகுந்தார் அதனையே ஊட்டி வளர்த்தாராவர். பிழையை எழுதுங்கால் அத்தற்போதம் நாணி அடங்கும். மலம் நீங்குவது திருவருளாலன்றி ஏட்டாலன்று. ஏடு மலத்தின் செயலைக் காட்டும் துணையளவே.

ஆகலின், தியானத்திருக்கும்போது ஏட்டை நினையற்க. இரவில் உறங்குமுன் நாலைந்து வரியில் அன்றைய அளவும் பிழையும் குறிக்க. திங்களிறுதியில் முழுதும் படித்து, மீண்டும் மீண்டும் வந்த பிழையொன்றைத் தெரிந்து, அடுத்த திங்களில் அதனைக் களைய முயல்க. குருவிடத்தன்றிப் பிறர்க்கு அதனைக் காட்டற்க.